பழைய பெயருக்குப் பொறுப்பாளி யார்?

சினிமாவைப் பற்றி நம் ஏட்டில் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. படம் பார்ப்பது தகுமா, தகாதா என்னும் வழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அது உலமாப் பெருமக்களின் துறை. பிறர் பணத்தைக் கையில் வாங்கி, பிறர் உழைப்பை ஏவி, பிறர் சம்பாதித்து வைத்த நற்பெயரின் மீது ஏறி நின்று ஒருவர் ஒரு காரியத்தைத் தொடங்குகிறார். அந்தக் காரியம் கவிழ்ந்துவிட்டால் அவர் எவ்வளவுக்குப் பொறுப்பாளி என்பதே நம் கேள்வி. இந்தக் கேள்வி சினிமாக் கொட்டகையின் வாசலோடு நின்றுவிடுவதன்று. கடைவீதியிலும், கூட்டு வியாபாரத்திலும், மதரஸா நிர்வாகத்திலும், ஜமாஅத் கூட்டத்திலும் இதே கேள்வி வேறு உடை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறது. சினிமாவில் அது பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருப்பதால் எளிதாகப் படிக்க முடிகிறது.

1996ஆம் ஆண்டு மே மாதம் 'இந்தியன்' என்ற படம் வெளிவந்தது. தயாரித்தவர் ஏ. எம். ரத்னம், இயக்கியவர் ஷங்கர், வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரஹ்மான். தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்த கமல்ஹாசனுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணிபுரிந்த சேனாபதி என்னும் முதியவர், லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைத் தேடித் தேடித் தண்டிப்பதே கதை. அவருடைய சொந்த மகனும் ஓர் அதிகாரிதான். பிரேக் சரியில்லாத ஒரு பேருந்துக்கு, கையூட்டுப் பெற்றுக்கொண்டு, ஓடத் தகுதியுள்ளது என்று அவன் சான்று அளிக்கிறான். அந்தப் பேருந்தில் சென்ற பள்ளிக் குழந்தைகள் மாண்டுபோகிறார்கள். பெற்ற தந்தையே மகனை மன்னிக்க மறுத்துவிடுகிறார்.

இந்தக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? பேருந்தை ஓட்டியவர் வேறொருவர். பேருந்துக்குச் சொந்தக்காரரும் வேறொருவர். ஆயினும் 'இது ஓடலாம்' என்று கையெழுத்திட்டவனைத்தான் முதியவர் தேடி வருகிறார். தண்டிக்கும் முறையை நாம் ஏற்கவில்லை. நீதிமன்றமும் விசாரணையும் இல்லாமல் உயிரை எடுக்கும் உரிமை எந்தத் தனிமனிதருக்கும் இல்லை. ஆனால் கையெழுத்துக்கு ஒரு கனம் உண்டு, அதை இட்டவர் பின்விளைவுக்கும் கடன்பட்டவர் என்ற கருத்து மக்கள் நெஞ்சில் தைத்தது. அப்படம் அத்தனை காலம் பேசப்பட்டதற்கு அதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 12ஆம் நாள் 'இந்தியன் 2' வந்தது. பழைய வெற்றிப் படத்தின் பெயரையும் நாயகனையும் எடுத்துவைத்துக்கொண்டு புதுத் தலைமுறைக்குப் புதுக்கணக்குத் தொடங்கும் இத்தகைய முயற்சியை ஆங்கிலப் பட உலகத்தார் 'ரீபூட்' என்கிறார்கள். தயாரித்தது லைக்கா நிறுவனம். பின்னர் ரெட் ஜெயண்ட் மூவீஸும் இணைந்துகொண்டது. இயக்குநர் அதே ஷங்கர். நடிகர் அதே கமல்ஹாசன். சுஜாதா 2008லேயே காலமாகிவிட்டார். ரஹ்மானின் இடத்தில் அனிருத் இசையமைத்தார். படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய படத்திலிருந்து 12 நிமிடக் காட்சிகள், வெளியான சில நாள்களிலேயே வெட்டி எடுக்கப்பட்டன. மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தை இரண்டாம் பாகத்தின் இறுதியிலேயே காட்டினார்கள். ஓராண்டு கழிந்தும் மூன்றாம் பாகம் வெளிவரவில்லை.

நாம் வாழும் அனுப்பம்பட்டு, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள சிறு இரயில் நிலையம். கிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரியும் அதைச் சார்ந்த மீனவக் குப்பங்களும். நம் வீட்டார் எட்டுப் பேர் மின்சார இரயிலேறிப் போய் அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதற் படத்தைப் புதிதாக வந்தபோதே பார்த்த சாச்சா ஒருவரும் அவர்களுள் இருந்தார். திரும்பி வரும்போது பேச்செல்லாம் யார் கெடுத்தார்கள் என்பதைப் பற்றியே. இயக்குநருக்கு வயதாகிவிட்டது என்றார் ஒருவர். வசனத்தில் சாரமில்லை என்றார் மற்றொருவர். தம்பி மகன் இசையைக் குறை கூறினான். சாச்சா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தைத்தவனை எல்லாரும் திட்டுகிறீர்கள். துணி எடுத்தவன் யார், அளவு சொன்னவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே, வாப்பா" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. படம் வென்றால் மாலை விழும் கழுத்துகள் பல. தோற்றால் இயக்குநரும் நடிகரும் மட்டுமே ஊர் வாயில் விழுகிறார்கள். இந்தப் படத்தை எடுக்கலாம், இந்தக் கதை போதும், இவ்வளவு செலவு செய்யலாம், இந்த நாளில் வெளியிடலாம் என்று முடிவுசெய்த நிர்வாகிகளின் பெயர்களோ எவர் நாவிலும் வருவதில்லை. அவர்கள் யார் என்றே படம் பார்த்தவருக்குத் தெரியாது.

பழைய நாளில் நிலைமை இப்படி இல்லை. 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வைத் தயாரித்தவரும் எஸ். எஸ். வாசன்; இயக்கியவராகப் பெயர் போட்டுக்கொண்டவரும் அவரே. ஜெமினி என்றால் வாசன், ஏவி.எம். என்றால் மெய்யப்பச் செட்டியார். மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் டி. ஆர். சுந்தரம். நல்லது கெட்டது இரண்டுக்கும் ஊர் அறிந்த ஒரு முகம் இருந்தது. இன்று அந்த இடத்தில் நிறுவனம் இருக்கிறது. லைக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா இங்கிலாந்தில் தொலைபேசித் தொழிலில் எழுப்பிய குழுமத்தின் கிளை அது. 2014இல் 'கத்தி'யின் மூலம் தமிழ்த் திரையில் கால்வைத்தது. மணிரத்னத்தின் நிறுவனத்துடன் சேர்ந்து 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்களையும் 2022லும் 2023லும் வெளியிட்டு வெற்றி கண்டதும் அதுவே. 2005ஆம் ஆண்டின் 'சந்திரமுகி'க்கு 2023இல் இரண்டாம் பாகம் எடுத்து, பழைய படத்தின் புகழை எட்ட முடியாமல் நின்றதும் அதுவே. ஆகவே அந்நிறுவனத்துக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்வது நேர்மையாகாது. எந்தப் படத்தில் எவருடைய முடிவு பயன் தந்தது, எந்தப் படத்தில் எவருடைய முடிவு பிழைத்தது என்பது வெளியே தெரிவதில்லை. அதுதான் குறை.

'இந்தியன் 2' கடந்துவந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற அறிவிப்பு 2017இல் வந்தது. அப்போது தயாரிப்பாளராகப் பேசப்பட்டவர் தெலுங்குப் பட உலகின் தில் ராஜு. பின்னர் அவர் விலகிக்கொள்ள, லைக்கா பொறுப்பேற்றது. 2019 ஜனவரியில் படப்பிடிப்புத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் பெரும் விபத்து ஒன்று நேர்ந்து வேலை நின்றது. அதன் பின் கொரோனா. 2021இல் தயாரிப்பு நிறுவனமே இயக்குநருக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறியது. இந்தப் படத்தை முடித்துக் கொடுக்காமல் அவர் வேறு படம் இயக்கக்கூடாது என்பது அதன் கோரிக்கை. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று நீதிமன்றம் வழிகாட்டியது. அதே ஆண்டில் படத்தில் நடித்திருந்த விவேக்கும், மலையாள நடிகர் நெடுமுடி வேணுவும் காலமானார்கள். 2022 ஆகஸ்டில் மீண்டும் வேலை தொடங்கி, ஒரே படமாக இருந்தது இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

இந்த ஐந்தரை ஆண்டுகளில் நிர்வாகத்தின் முன் எத்தனை நாற்சந்திகள் வந்தன! கதை முழுமை பெற்றுவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று. வழக்காடும் அளவுக்கு உறவு கெட்ட பின், இவர்கள் சேர்ந்து செய்யும் வேலை நன்றாக வருமா என்று யோசித்திருக்க வேண்டிய இடம் மற்றொன்று. ஒரு கதையை இரு படங்களாக நீட்டினால் தாங்குமா என்பது மூன்றாவது. மூன்று மணி நேரம் மக்கள் பொறுத்துக்கொள்வார்களா என்பது நான்காவது. வெளியான பிறகு 12 நிமிடத்தை வெட்டிய கத்தரிக்கோல், வெளியாகும் முன்பும் அதே அலுவலகத்தில்தான் இருந்தது. முதல் நாள் சீட்டு வாங்கியவர்கள் முழு விலை கொடுத்துச் சோதித்துச் சொன்ன பிறகே அது பயன்பட்டது.

கடல் கடந்த நாடுகளிலும் இந்தக் கதை உண்டு. 1932இலும் 1999இலும் எடுக்கப்பட்ட 'தி மம்மி' என்னும் படப் பெயரை யுனிவர்சல் நிறுவனம் 2017இல் மறுபடியும் எடுத்து, டாம் குரூஸை நாயகனாக்கி வெளியிட்டது. படம் வெளியாவதற்கு முந்திய மாதமே, இதைத் தொடர்ந்து 'டார்க் யுனிவர்ஸ்' என்ற பெயரில் ஒரு படவரிசையே வரும் என்று நட்சத்திரங்களை ஒன்றுசேர்த்துப் படம் காட்டி அறிவித்தார்கள். முதற் படம் சறுக்கியதும் அறிவித்த திட்டம் கைவிடப்பட்டது. பந்தியில் முதல் கவளத்தை விருந்தாளி விழுங்கும் முன்பே அடுத்த வேளை விருந்துக்கும் அழைப்பு அச்சடித்துவிட்ட கதை இது. நம் 'இந்தியன் 3' முன்னோட்டமும் இதற்கு நெருங்கிய உறவு.

பொறுப்பு என்பது பதவியைத் துறப்பதோடு தீர்ந்துவிடுமா என்று கேட்டால், அதற்கும் அங்கே ஒரு சான்று இருக்கிறது. 2012இல் டிஸ்னி நிறுவனம் 'ஜான் கார்ட்டர்' என்னும் படத்தை வெளியிட்டது. பழைய நாவல் ஒன்றை முதலாக வைத்துத் தொடர்படங்கள் எடுக்கும் எண்ணம். ஏறத்தாழ 20 கோடி டாலர் நட்டம் வரும் என்று நிறுவனமே அறிவித்தது. அடுத்த மாதம் படப்பிரிவின் தலைவர் ரிச் ராஸ் பதவி விலகினார். ஆனால் அப்படத்துக்கு வித்திட்டவர் அவருக்கு முன்னிருந்த டிக் குக். அவர் 2009லேயே நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். விதைத்தவர் ஒருவர், அறுவடை நாளில் வயலில் நின்றவர் மற்றொருவர். கணக்குத் தீர்க்கப்பட்டதோ நின்றவரிடம். இதை நீதி என்று முழுமனத்துடன் சொல்ல நாம் தயங்குகிறோம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே தலைமை ஏற்றிருந்தவர் அதை நிறுத்தியிருக்கலாம், திருத்தியிருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. முன்னோர் தொடங்கியதைத் தொடர்ந்து நடத்துவதும் ஒரு முடிவுதான்.

1980இல் வெளிவந்த 'ஹெவன்ஸ் கேட்' படத்தின் பெருநட்டத்துக்குப் பின், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற நிறுவனமே 1981இல் மற்றொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அப்படத்துக்கு அனுமதி அளித்த நிர்வாகிகளுள் ஒருவரான ஸ்டீவன் பாக், வேலை இழந்தார். அவர் வாளா இருந்துவிடவில்லை. என்ன நடந்தது, எந்த இடத்தில் எவர் தலையசைத்தார் என்பதையெல்லாம் 1985இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். இத்தகைய நூல் நம் நாட்டுப் பட நிர்வாகி ஒருவர் கையிலிருந்து வருமாயின், நூறு விமர்சனங்களைக் காட்டிலும் அது பயன் தரும்.

இனி இதை நம் சட்டநூல்களின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது என்று செய்யும் வியாபாரத்துக்கு ஃபிக்ஹ் நூல்கள் 'முளாரபா' என்று பெயரிட்டிருக்கின்றன. நபித்துவத்துக்கு முன்னர்ப் பெருமானார் (ஸல்) அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றுக்கொண்டு ஷாம் தேசம் சென்றுவந்த வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். இம்முறையில் லாபம் வந்தால் பேசிக்கொண்ட விகிதப்படி இருவருக்கும் பங்கு. நட்டம் வந்தால் பணத்தின் நட்டம் முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு அவர் சிந்திய வியர்வையே நட்டம். ஆனால் உழைத்தவர் ஒப்பந்தத்தை மீறியிருந்தாலோ, அலட்சியம் காட்டியிருந்தாலோ, அப்போது அவரே ஈடுகொடுக்கக் கடமைப்பட்டவர். அதே சமயம் முதல் போட்டவர், வேலையில் தாமும் கைவைப்பேன் என்று நிபந்தனை போட்டால் அந்த ஒப்பந்தமே கெட்டுவிடும் என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. எத்தனை நுட்பமான பாகுபாடு! தோல்வி வேறு, அலட்சியம் வேறு என்பதை இது முதலில் பிரித்துவைக்கிறது. அதிகாரம் எங்கே செல்கிறதோ பொறுப்பும் அங்கே செல்லவேண்டும் என்பதை அடுத்து நிலைநாட்டுகிறது.

இந்த அளவுகோலின்படி ஒரு படம் ஓடாமற்போவது குற்றமன்று. மக்கள் மனம் கடலைப் போன்றது. எந்த வலைக்கு எது சிக்கும் என்று அல்லாஹ் ஒருவனே அறிவான். நன்முயற்சி செய்து தோற்றவரைத் தூற்றுவது நம் பண்பும் அன்று. ஆனால் இன்றைய பட நிறுவனத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பணம் போட்ட முதலாளியும் அல்லர். காமிராவின் பின்னே நிற்கும் உழைப்பாளியும் அல்லர். முதலாளியின் வகீலாக, அவருடைய பணத்தை அமானிதமாகப் பெற்று, 'செய்' என்றும் 'செய்யாதே' என்றும் சொல்லும் நிர்வாகி அவர். வென்றால் அவருக்குப் பதவி உயர்வு. தோற்றால் மாதச் சம்பளத்துக்குப் பழுதில்லை. இவருடைய பொறுப்பை எதைக்கொண்டு அளப்பது? அமானிதத்தைக்கொண்டே அளக்கவேண்டும். கேட்கவேண்டியதைக் கேட்டாரா, பார்க்கவேண்டியதைப் பார்த்தாரா, மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்தாரா? இம்மூன்றும் செய்தும் படம் தோற்றால் அவர் குற்றமற்றவர். பழைய பெயர் ஒன்றே போதும், சனம் வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், தோல்விக்கு முதற் பொறுப்பாளி அவரே.

தோல்வியின் சுமை உண்மையில் யார் தோளில் இறங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். பட வியாபாரத்தில் 'மினிமம் கியாரண்டி' என்றொரு முறை உண்டு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்ன தொகை தருவதாக ஒப்புக்கொண்டு விநியோகஸ்தர் முன்பணம் கட்டிவிடுகிறார். படம் விழுந்தால் அவரும் கொட்டகைக்காரரும் தலையில் துண்டு போட்டுக்கொள்ளவேண்டியதுதான். 2002இல் 'பாபா' வீழ்ந்தபோது, அதைத் தயாரித்து நடித்த ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களை அழைத்து நட்டத்தை ஈடுசெய்ய முன்வந்தது பலரும் அறிந்த செய்தி. 2014 டிசம்பரில் வெளியான 'லிங்கா'வில் நட்டப்பட்ட விநியோகஸ்தர்கள் மறு மாதம் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பின்னர் நட்டத்தில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் மக்கள் யார் முகத்தைப் பார்த்தார்கள்? திரையில் தெரிந்த முகத்தை. முகம் தெரிந்தவரிடம் மட்டுமே நியாயம் கேட்க முடிகிறது.

இவையெல்லாம் பணத்தைப் பற்றிய கணக்கு. பணம் இன்று போகும், நாளை வரும். திரும்பி வராத கணக்கு ஒன்று 'இந்தியன் 2'இல் இருக்கிறது. 2020 பிப்ரவரி 19ஆம் நாள் இரவு, பூவிருந்தவல்லியை அடுத்த ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில் ராட்சத கிரேன் ஒன்று சாய்ந்து விழுந்தது. படக்குழுவில் வேலை செய்த மூவர் அவ்விடத்திலேயே மாண்டார்கள், பலர் காயமுற்றார்கள். அவர்கள் எவரும் சுவரொட்டியில் முகம் போட்டவர்கள் அல்லர். கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைத்து, வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டு போகவேண்டியவர்கள்.

விபத்துக்குப் பின் கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். படப்பிடிப்பில் பணிபுரிவோரின் பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் என்ன ஏற்பாடு என்று அதில் வினவியிருந்தார். நிறுவனம் எழுதிய மறுமொழியில், இந்தப் பொறுப்பு நடிகரும் இயக்குநரும் உள்ளிட்ட எல்லோரையும் சார்ந்தது என்று கூறப்பட்டிருந்தது. இரு கடிதங்களையும் பத்திரிகைகளில் படித்தபோது நம் மனம் கனத்தது. இறந்தோர் குடும்பங்களுக்கும் காயமுற்றோருக்கும் நிறுவனமும் நடிகரும் இயக்குநரும் கோடிக்கணக்கில் உதவித்தொகை அளித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது செய்யத்தக்க செயல், செய்தார்கள். ஆயினும் எல்லோருடைய பொறுப்பு என்று ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால், அந்தக் கிரேன் உறுதியாக நிற்கிறதா என்று அந்தி நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டியவர் யார்? பிரேக்கைச் சோதிக்காமல் கையெழுத்திட்டவனைத் தேடிய கதையின் இரண்டாம் பாகத்திலேயே இப்படி ஒரு கேள்வி எழ நேர்ந்ததே என்பதை நினைக்கும்தோறும் நம்மால் சும்மா இருக்க முடியவில்லை. படம் நன்றாக ஓடியிருந்தாலும் இந்தக் கேள்வி இம்மியும் குறைந்திருக்காது. படம் ஓடாததால் ஊர் பேசியது. மூவர் மாண்டதற்கு ஊர் சில நாள் பேசி ஓய்ந்தது. நம் பேச்சின் அளவும் சற்றே பிசகிவிட்டது.

எல்லோருடைய பொறுப்பு என்பது எவர் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாமல் காப்பதற்கு நம் ஏரிக்கரையில் ஓர் ஏற்பாடு உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பரம்பரை மீனவர்கள் அதைப் 'பாடு' என்பார்கள். மீன்படும் இடங்களை வகுத்துக்கொண்டு, உரிமையுள்ள குடும்பத்தார் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் எவருக்கும் நிலையாகச் சொந்தமில்லை. சுற்றிச் சுற்றி எல்லாரிடமும் வரும். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் அன்றைய பாடு யாருடையது என்பது குப்பம் முழுவதும் அறிந்த செய்தி. வலை நிறைந்தாலும் அவருக்கு. வெறும் வலை வந்தாலும் அவருக்கே. வெறும் வலையை அடுத்தவர் படகில் வீசிவிட்டுப் போக வழியில்லை. கோடிக்கணக்கில் முதலீடு செய்யும் நிறுவனங்கள் இந்த ஏழை எளிய மக்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான். ஒவ்வொரு முடிவும் யாருடைய பாடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும்.

பழைய பெயரை எடுத்து ஆளுவதிலும் நம் மண்ணுக்கு ஓர் அனுபவம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணிகளைக் கப்பலேற்றினார்கள். கட்டம் போட்ட இவ்வூர்க் கைக்குட்டை 'புலிகாட்' என்று ஊரின் பெயராலேயே உலகச் சந்தையில் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளிலும் அதே பெயரில் கைக்குட்டைகள் நெய்யத் தொடங்கினார்கள். பெயர் கடல் கடந்து வேறொருவர் தறியில் ஏறிக்கொண்டது. அந்தப் பெயருக்கு மதிப்பைத் தேடிக்கொடுத்த இக்கரைத் தறிகாரர்களுக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது? நற்பெயர் என்பது பல கைகள் பல காலம் சேர்த்த சொத்து. 'இந்தியன்' என்ற பெயரில் சுஜாதாவின் பேனாவுக்கும், ரஹ்மானின் இசைக்கும், பெயர் தெரியாத நூறு தொழிலாளர்களுக்கும், காசு கொடுத்துப் பார்த்து அதைப் பிறரிடம் புகழ்ந்து பேசிய நம் போன்ற குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. உரிமைப் பத்திரத்தை விலைகொடுத்து வாங்கியவர் பெயரை வாங்கியிருக்கிறார். அதன் மீதுள்ள நம்பிக்கை அவரிடம் அமானிதமாகவே வந்திருக்கிறது.

ஒவ்வொருவரையும் மேய்ப்பருக்கு ஒப்பிட்டு, அவரவர் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி அவரவர் விசாரிக்கப்படுவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை அறியாத முஸ்லிம் குடும்பம் இராது. தலைவரும், குடும்பத் தலைவரும், இல்லத்தரசியும், பணியாளரும் அதில் தனித்தனியே எண்ணப்படுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் ஒவ்வொருவரின் மந்தையையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டிவிட்டே அவ்வாறு சொல்கிறது. எல்லோர் மீதும் பொதுவாகப் போட்டுவிட்டு எவரும் நழுவிப்போகாதபடி அதில் வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

நம் ஊர்களில் பெரியவர்கள் தொடங்கிவைத்த எத்தனையோ மதரஸாக்களும், நூலகங்களும், பைத்துல்மால்களும் இருக்கின்றன. நின்றுபோன ஒன்றை அதன் பழைய பெயரிலேயே மீண்டும் தொடங்குவோம் என்று நல்லெண்ணத்துடன் கிளம்பும் இளைஞர்களை நாம் காண்கிறோம். அவர்களை வரவேற்போம். பழைய பெயர் இருந்தால் வசூல் எளிதாகும். அந்த எளிமைதான் ஆபத்தும். பாடத்திட்டம் என்ன, ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், கட்டடத்தின் கூரையைச் சோதித்தது யார், கணக்கை எழுதுபவர் யார், அதைப் பார்ப்பவர் யார் என்பவற்றை முதற் கூட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிக்கொண்டால், பின்னால் ஒருவரை ஒருவர் நோக்கி விரல் நீட்டவேண்டி வராது. 'கமிட்டி முடிவு செய்தது' என்னும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னே எத்தனை பேர் மறைந்துகொள்ள முடியும் என்பதை ஜமாஅத் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்கள் நன்கு அறிவார்கள்.

பட நிறுவனங்கள் நம் சொல்லைக் கேட்கும் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. பழைய பெயரைத் தாங்கிய அடுத்த படம் வரும்போது, யார் நடித்தார், யார் இயக்கினார் என்பதோடு, இதை எடுக்கலாம் என்று முடிவு செய்தவர் யார், வேலை செய்தவர்கள் பத்திரமாக வீடு திரும்பினார்களா என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். வீட்டில் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம். இந்தக் கேள்விகள் நாக்கில் பழகிவிட்டால், நாளை அவர்கள் ஒரு கடையிலோ, ஒரு பள்ளியிலோ, ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்திலோ கையெழுத்திட அமரும்போது, பேனாவைத் திறக்கும் முன் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.